கடைசிப் பக்கத்தை முதலில் திறங்கள்: பியானோ மாணவர் கேள்வி-பதில்

கேள்வி: இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டிறுதித் தேர்வில் ஷோபானின் ஜி மைனர் பாலாட் (கதை சொல்வதுபோல் நீளும் பியானோ உருப்படி) வாசிக்க ஆசை. முதல் நான்கு பக்கம் கைக்கு வந்துவிட்டது. ஆசிரியரோ பிடிகொடுக்க மறுக்கிறார்.

பதில்: முதல் நான்கு பக்கம் எல்லோருக்கும் வந்துவிடும், அந்தப் பாலாட் ஆளை மயக்குவதே அங்கேதான். மொத்தம் 264 பார் (தாள அளவில் பிரித்த சிறு பகுதி). 208-ஆவது பாரில் தொடங்கும் கோடாதான், அதாவது முடிவுப் பகுதிதான், உங்களைச் சோதிக்கும். மிக வேகமாக, நெருப்போடு வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் ஷோபான். அதுவும் ஏழெட்டு நிமிடம் வாசித்துக் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில். நானும் உங்கள் வயதில் முதல் பக்கங்களை நம்பி மேடையேறி, கோடாவின் நடுவில் கை கட்டிப்போய் உட்கார்ந்தவன்தான்.

எந்த உருப்படியை எடுத்தாலும் அதன் மிகக் கடினமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோடாவை மட்டும் பாதி வேகத்தில் மூன்று வாரம் பழகுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சமேனும் இலகுவானால் ஆசிரியரிடம் போய் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், மனம் மாறுவார். மூன்றாவது வாரமும் தோள் காதை நோக்கி ஏறினால் மூடி வைத்துவிடுங்கள். 1836-இல் அச்சேறிய பாலாட், இன்னும் இரண்டு ஆண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: பாக்கின் ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ முதல் புத்தகத்திலிருந்து ஒரு பிரிலியூடும் (முன்னுரைபோல் வரும் உருப்படி) ஃபியூகும் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் மாறிமாறி எடுக்கும் உருப்படி) கட்டாயம். சி மேஜரை எடுக்கலாமா? சுரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் எதுவும் இல்லையே.

பதில்: பிரிலியூடை நம்பி ஏமாறாதீர்கள். அதன் ஃபியூக் நான்கு குரல்களால், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு தனி மெட்டுகளால், ஆனது. ஒரு குரல் கருப்பொருளைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரல் அதையே சொல்லிக்கொண்டு குறுக்கே நுழையும்; 27 பாருக்குள் இது ஓயாமல் நடக்கிறது. ஷார்ப் இல்லாததால் விரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. இரண்டு புத்தகங்களிலும் உள்ள 48 ஃபியூகுகளில் இரண்டே குரல் கொண்டது ஒன்றுதான்: முதல் புத்தகத்தின் ஈ மைனர். அது மிகவும் சிறியதாகத் தோன்றினால் அதே புத்தகத்தின் சி மைனரை எடுங்கள். மூன்று குரல், கருப்பொருள் காதில் ஒட்டிக்கொள்ளும். பழகும்போது ஒரு குரலை வாய்விட்டுப் பாடியபடி மற்ற இரண்டை வாசியுங்கள். பாட்டு எங்கே அறுகிறதோ அங்கே அந்தக் குரலை நீங்கள் கேட்கவில்லை என்று பொருள்.

கேள்வி: என் கை ஓர் ஆக்டேவுக்கு (எட்டு வெள்ளைக் கட்டை அகலம்) மேல் விரியாது. பெரிய கை கேட்கும் ராக்மானினோஃபின் இசை எனக்குக் கனவுதானா?

பதில்: சிறிய கைகளுக்குப் பேர்போன பியானோ கலைஞர் அலிசியா டி லரோச்சா, ராக்மானினோஃபின் மூன்றாவது கான்செர்ட்டோவையே (ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய உருப்படி) வாசித்தவர். ஆனால் அவரை மட்டும் காட்டி உங்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இசைத்தாளைப் புரட்டிப் பாருங்கள். ஆக்டேவ் அவ்வப்போது வந்து போனால் பயமில்லை. அதன் நடுவே இன்னும் இரண்டு சுரங்களை அடைத்த கார்டுகள் (ஒரே நேரத்தில் அழுத்தும் சுரக் கூட்டங்கள்) பக்கம் பக்கமாக வந்தால் இப்போதைக்கு விலகுங்கள். ஹேடன், மொசார்ட், 555 சொனாட்டா எழுதிய ஸ்கார்லட்டி என்று கையை வருத்தாத பெரும் சொத்து இருக்கிறது. வலி வந்தால் அன்றைய பழக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள். வலியோடு வாசிப்பது வீரம் இல்லை.

கேள்வி: பேத்தோவனின் ‘பதெடிக்’ சொனாட்டாவை எல்லோரும் வாசிக்கிறார்கள். தேர்வாளர்களுக்குச் சலிக்காதா?

பதில்: சொனாட்டா சலிப்பதில்லை, இடது கைதான் சலிக்க வைக்கிறது. மெதுவான முன்னுரை முடிந்து வேகம் பிடித்ததும், சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே ஆக்டேவ் தடதடக்கத் தொடங்கும். பலர் அதை விரலால் தட்டுகிறார்கள்; ஒரு பக்கம் முடிவதற்குள் முன்கை கல்லாகிவிடுகிறது. கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் முன்கை சுழல வேண்டும், கட்டைவிரல் அடங்கி ஒலிக்க வேண்டும். இது வந்துவிட்டால் தயங்காமல் வாசியுங்கள். வராவிட்டால் பேத்தோவனின் ஓபஸ் 10-இன் (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) முதல் சொனாட்டாவைப் பாருங்கள். அதுவும் சி மைனர்தான், அதே கோபம்தான்.

கேள்வி: இருபதாம் நூற்றாண்டு இசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கட்டாயமாம்.

பதில்: புரோகோஃபியேவின் ஓபஸ் 22-இல் 20 குட்டி உருப்படிகள் உள்ளன; பெரும்பாலானவை ஓரிரு நிமிடம்தான். நாளுக்கு இரண்டாகத் தட்டுத்தடுமாறி வாசித்துப் பாருங்கள். யாரும் சொல்லாமலே எதைத் திரும்ப வாசிக்கிறீர்களோ, அதையும் அதன் பக்கத்தில் இருப்பதையும் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.