மூளை அனியூரிசம் சிகிச்சைக்குப் பிறகு மனம் மாறுவது ஏன்? கேள்வி பதில்

மூளை ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகிப் பலூன்போலப் புடைப்பதுதான் அனியூரிசம். மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் உலோகக் கிளிப் போட்டோ, ரத்தக்குழாய் வழியாகப் போய் உள்ளே காயில் என்ற மெல்லிய கம்பிச்சுருளை வைத்தோ அதை அடைத்த பிறகு மனதில் வரும் மாற்றங்கள் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். மூளைக் காயப்பட்டவர்களோடு வேலை செய்யும் உளவியலாளர் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கணவருக்கு அனியூரிசம் வெடித்து, கிளிப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. அதிர்ந்து பேசாத மனிதர். இப்போது சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் தட்டை வீசுகிறார்.

அம்மா, முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். வலிப்பு வராமலிருக்க லெவெடிரசெட்டம் கொடுத்திருக்கிறார்களா? எரிச்சலும் கோபமும் அதன் பக்கவிளைவாகவே சிலருக்கு வரும். மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம், வலிப்பு வந்துவிடலாம்.

அப்புறம், புடைப்பு எந்தக் குழாயில் இருந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். 'ஏ.காம்' என்று இருந்தால், அது மூளையின் முன்மடல்களுக்கு அடியில் ஓடும் குழாய். அங்கே கசிந்த ரத்தம், கோபத்தை அடக்கும் பகுதியைத்தான் பாதிக்கும். கோபம் வரும் நேரத்தில் நியாயம் பேசாமல் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். டிவி சத்தம், கூட்டம், களைப்பு மூன்றையும் குறையுங்கள்.

அப்பா, காலையில் தாத்தாவோடு பேசினேன் என்கிறார். தாத்தா இறந்து பல வருடமாகிறது. ஏன் பொய் சொல்கிறார்?

பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக எதையோ வைத்து நிரப்புகிறது. அவர் அதை உண்மையென்றே நம்புகிறார். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். பெரிய எழுத்துக் காலண்டரும் ஒரு குறிப்பேடும் எப்போதும் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

கிளிப்தான் மூளையைக் கெடுக்கிறதாமே? காயில் வைத்திருக்கலாமோ?

வெடித்த அனியூரிசம் உள்ள 2143 பேரிடம் கிளிப்பையும் காயிலையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு வருடம் முடிந்தபோது இறந்திருந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் கிளிப் குழுவில் 100க்கு சுமார் 31 பேர், காயில் குழுவில் சுமார் 24 பேர். ஆனால் எல்லாப் புடைப்புக்கும் காயில் பொருந்தாது. மனமாற்றத்தில் பெரும்பங்கு முதலில் கசிந்த ரத்தத்துக்குத்தான். முடிந்துபோன முடிவை நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

தங்கைக்கு வெடிக்கவே இல்லை, ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) மட்டும்தான். ஆனால் மூன்று மாதமாக அழுகை.

மனச்சோர்வாக இருக்கலாம், பயமும் சேர்ந்திருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சில மனச்சோர்வு மருந்துகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஸ்டென்ட் மாத்திரையை ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது.

வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் கோபம் போகுமா?

முதல் பதிலைப் படியுங்கள். நிறுத்தாதீர்கள்.

என் அண்ணன் விஷயம் வேறு. குளி என்றால் குளிக்கிறார். சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை நாற்காலியிலேயே. முடிகிற ஆள் செய்யாவிட்டால் அது சோம்பல்தானே? அண்ணி செல்லம் கொடுக்கிறார்.

இல்லை தம்பி. செய்யும் திறன் வேறு, தொடங்கும் திறன் வேறு. முன்மடல் அடிபட்டால் தொடங்குவது போய்விடும். உங்கள் அண்ணி 'குளி' என்று சொல்லும்போது அந்தத் தொடக்கத்தை வெளியிலிருந்து கொடுக்கிறார். அது செல்லம் இல்லை, அதுதான் சிகிச்சை.

(வேறொருவர்) தம்பி சொல்வது சரி. மனசு வைத்தால் முடியாதா?

அந்த மனசு வைக்கிற இடத்தில்தான் அடி பட்டிருக்கிறது. கால் உடைந்தவரை ஓடச் சொல்வீர்களா?

(தம்பி) ஆனால் இரண்டு மாதம் முன்பு இவ்வளவு மோசமில்லையே. நாளுக்கு நாள் மந்தமாகிறார். அதனால்தான் சந்தேகப்பட்டேன்.

நாளுக்கு நாளா? நடை எப்படி? சிறுநீர்?

காலைத் தரையில் தேய்த்துத்தான் நடக்கிறார். சில நாள் படுக்கையிலேயே போய்விடுகிறார்.

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் கசிந்தவர்களுக்கு, சில மாதங்கள் கழித்துக்கூட மூளைக்குள் நீர் தேங்கலாம். மந்தம், தேய்க்கும் நடை, சிறுநீர் அடங்காமை மூன்றும் அதன் அடையாளங்கள். அப்படியென்றால் ஷன்ட் குழாய் வைத்து நீரை வடிக்கலாம், நிறையப் பேர் தெளிகிறார்கள். நாளைக் காலையிலேயே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய் சி.டி. எடுங்கள். பிட்யூட்டரி, தைராய்டு ஹார்மோன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்றிரவு வாந்தியோ, கடும் தலைவலியோ, எழுப்ப முடியாத தூக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பழைய சி.டி. படங்களைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.