எந்த மலை என்று எழுதாமல் தவளைப் படம் அனுப்பாதீர்கள்

கேள்வி: குன்னூரில் கருஞ்சிறுத்தை பார்த்தோம். அது தனிச் சிற்றினமா?

இல்லை. சாதாரணச் சிறுத்தைதான். நிறத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம், அவ்வளவே. ஒரே ஈற்றில் கறுப்பும் புள்ளியுமாகக் குட்டிகள் பிறக்கும். நல்ல வெயில் பட்டால் கறுப்புக்குள்ளும் புள்ளி தெரியும். அதைச் சோதிக்கக் கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சோலைக்கு ஒரு நீலக் குருவி வருகிறது. ஊட்டியில் அக்கா வீட்டருகே பார்த்ததும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இரண்டும் ஷோலிகோலா என்ற பேரினம்தான், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் ஒரே குழு. 2017-இல் வைத்த பெயர். ஆனால் சிற்றினம் வேறு. ஊட்டிக் குருவிக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு, உங்களுடையதற்குக் கிடையாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். கடக்கச் சிறகு இருக்கிறது. ஆனால் குளிர்ந்த சோலையின் நிழலை விட்டு அந்தச் சூட்டுக்குள் இறங்காது. இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்தால், இந்தப் பக்கம் தோன்றிய மாற்றம் அந்தப் பக்கம் போய்ச் சேர வழியில்லை.

கேள்வி: புதிய சிற்றினத் தவளை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். என் பெயரை வைக்கலாமா?

எங்கே பார்த்தீர்கள்? படம் இருக்கிறது, பெயர் ஆசை இருக்கிறது, இடம் மட்டும் இல்லை. இந்த மாதம் இப்படி வந்த ஏழாவது கடிதம் இது.

படத்தில் இருப்பது ராவோர்கெஸ்டெஸ் வகைப் புதர்த்தவளை போலத் தெரிகிறது. கட்டைவிரல் அளவுகூட இராது. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். ஓடையைத் தேடிப் போக வேண்டாம், பிறந்த புதரைச் சுற்றியே வாழ்க்கை ஓடிவிடும். அதனால்தான் மலைக்கு மலை சிற்றினம் மாறுகிறது. இடம் தெரியாத தவளை பாதித் தவளை. முன்பு ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் ஸ்பிரிட் ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சீட்டில் ‘நீலகிரி’ என்று மட்டும் இருந்தது. கோத்தகிரியா, அவலாஞ்சியா? தேதி? ஒன்றுமில்லை. அத்தனை தவளைகளும் வீணாகச் செத்தவை.

இன்னொன்று, நிறத்தை நம்பாதீர்கள். ஒரே சிற்றினத்தில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும். பெண் தவளை ஆணைத் தேர்ந்தெடுப்பது குரலை வைத்து. ஆகவே இருட்டியதும் கைப்பேசியில் அந்த ‘டிக் டிக்’கைப் பதிவுசெய்யுங்கள்; இடம், உயரம், தேதி, நேரம் எழுதுங்கள். பிடிக்காதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். வேறு மலைக்குக் கொண்டுபோய் விடவே விடாதீர்கள். பெயர் விஷயம்: தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நாகரிகமில்லை.

கேள்வி: ‘தமக்குள் இனப்பெருக்கம் செய்பவை ஒரு சிற்றினம்’ என்று படித்தேன். எங்கள் பூம்பாறைப் பூண்டு விதையே வைப்பதில்லையே?

நல்ல கேள்வி. அது 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் தந்த வரையறை. குருவிக்கு அழகாகப் பொருந்தும். பல்லை ஊன்றி வளர்க்கும் பூண்டுக்கும், பக்கக்கன்றில் பெருகும் விருப்பாச்சி வாழைக்கும் பொருந்தாது. பாக்டீரியாவுக்கும் புதைபடிவத்துக்கும் அதே கதைதான். அங்கெல்லாம் உருவத்தையும் மரபணு உறவையும் வைத்து முடிவுசெய்கிறோம்.

கேள்வி: வரையாடு வெள்ளாடா, செம்மறியா?

செம்மறிக்கு நெருக்கம். மரபணு ஆய்வில் இது தெரிந்ததும் 2005-இல் நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாக்கினார்கள்.

கேள்வி: ஒரு சிற்றினம் உருவாக எத்தனை வருடம் ஆகும்?

எதற்கு என்று எழுதவில்லையே! குருவி என்றால் பெரும்பாலும் லட்சக்கணக்கில். செடிகளில் சில சமயம் ஒரே தலைமுறை போதும்: குரோமோசோம் தொகுதி இரட்டித்துப் பிறந்த செடி, தாய்ச்செடியோடு கலந்தால் பெரும்பாலும் மலட்டு வாரிசுதான் வரும். அடுத்த முறை எந்த உயிர், எந்த மலை என்று சேர்த்து எழுதுங்கள்.