கேஸ் கிளையில் ப்ளஸ் குறி ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் ஸ்கேன் செய்த ஃபைல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் விழுகின்றன. 'ரசீது-0145', 'ரசீது-ரத்து-0145', 'கடிதம்-12' என்ற மாதிரி பெயர்கள். வகை வகையாகப் பிரிக்க பாஷில் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) கேஸ் (பெயர் பொருந்தும் பேட்டர்னுக்கு ஏற்ற கட்டளையை ஓட்டும் அமைப்பு; ஒரு பேட்டர்னும் அதன் கட்டளையும் ஒரு கிளை) போட்டு ஸ்கிரிப்ட் எழுதினேன். ரத்தான ரசீதுகளும் ரசீது ஃபோல்டருக்கே போகின்றன. எண் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க ரசீது-[0-9]+ என்று மாற்றினால் எதுவுமே பொருந்தவில்லை. எரர் மெசேஜும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ரெஜெக்ஸ் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்); அங்கே ப்ளஸ் என்றால் முன்னால் இருப்பது ஒரு முறையோ அதற்கு மேலோ. கேஸ் எதிர்பார்ப்பது ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையோடு நாம் போடும் அதே நட்சத்திரக் குறி வகைப் பேட்டர்ன். இதில் * என்றால் எதுவும், எத்தனை வேண்டுமானாலும், எதுவும் இல்லாமலும். ? என்றால் ஒரே ஒரு எழுத்து. [0-9] என்றால் ஒரே ஓர் இலக்கம். ப்ளஸுக்கு இங்கே எந்த விசேஷமும் கிடையாது, அது வெறும் ப்ளஸ். ஆகவே உங்கள் பேட்டர்னுக்கு 'ரசீது-5+' என்ற பெயர் பொருந்தும், 'ரசீது-0145' பொருந்தாது. பேட்டர்ன் முழுப் பெயரோடும் பொருந்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் எங்கேயாவது இருந்தால் போதும் என்றால் இரு பக்கமும் * போட வேண்டும்.

ரத்து விஷயம் வரிசைப் பிரச்சினை. மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் கிளையோடு ஷெல் நின்றுவிடும். உங்கள் ஸ்கிரிப்டில் ரசீது-* மேலே இருக்கிறது, ரத்தும் அதற்குள் அடக்கம். குறுகலானதை மேலே ஏற்றுங்கள் (பெயரிலிருந்து எக்ஸ்டென்ஷனை முதலிலேயே வெட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், கட்டளை இடத்தில் செய்ய வேண்டியதை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்):

ரசீது-ரத்து-*) ரத்து ஃபோல்டருக்கு ;;
ரசீது-[0-9][0-9][0-9][0-9]) ரசீது ஃபோல்டருக்கு ;;
கடிதம்-*|மடல்-*) கடித ஃபோல்டருக்கு ;;
*) எரராகக் காட்டு ;;

எண் எப்போதும் நான்கு இலக்கம் என்றால் இப்படி நான்கு முறை எழுதுவதே சுத்தம். [0-9]* என்று சுருக்கினால் '145அ' கூட உள்ளே வந்துவிடும், ஏனென்றால் முதல் இலக்கத்துக்குப் பிறகு எது வந்தாலும் சரி என்றுதான் அதற்கு அர்த்தம். இலக்க எண்ணிக்கை மாறும் என்றால் தலைகீழாகக் கேளுங்கள். 'ரசீது-' என்ற முன்பகுதியை வெட்டி, மீதியை இன்னொரு கேஸில் கொடுத்து, முதல் கிளையாக ''|*[!0-9]*) என்று எழுதுங்கள். காலியாக இருந்தாலோ, இலக்கம் அல்லாத ஏதாவது ஒன்று இருந்தாலோ அங்கே பிடிபடும். தப்பி வருவது எண்தான். பாஷ், டாஷ் (இன்னொரு சிறிய ஷெல்) இரண்டிலும் ஓடும் என்பதால் எனக்குப் பிடித்த வழி இது. எக்ஸ்ட்குளோப் என்ற பாஷின் கூடுதல் பேட்டர்ன் வசதியை ஆன் செய்தால் +([0-9]) என்றும் எழுதலாம், ஆனால் அது பாஷில் ஓடும், டாஷில் ஓடாது. உபுண்டுவில் எஸ்ஹெச் என்று அழைத்தால் வருவது டாஷ்தான்.

எரர் வராததற்குக் காரணம்: எந்தக் கிளையும் பொருந்தாவிட்டால் கேஸ் சத்தமில்லாமல் 0 (எல்லாம் சரி என்று அர்த்தம்) திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால்தான் கடைசியில் *) கிளை கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

பேட்டர்னை ஒரு வேரியபிளில் வைத்திருந்தால் கிளையில் அதை டபுள் கோட்ஸ் இல்லாமல் எழுதுங்கள். கோட்ஸ் போட்டால் நட்சத்திரம் வெறும் நட்சத்திரமாகிவிடும். வேரியபிளுக்குள் இருக்கும் | குறி 'அல்லது' ஆகாது என்பதும் பலரைக் கவிழ்க்கும் இடம்.

தமிழ்ப் பெயர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ரசீது' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ர, ச, ஈகாரக் குறி, த, உகரக் குறி என்று ஐந்து. யூடிஎஃப்-8 லோகேலில் (மொழி, எழுத்து அமைப்பு) ??? பொருந்தாது, ????? பொருந்தும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வழியாக லோகேல் அமைக்காமல் ஓடினால் பாஷ் பைட் பைட்டாக எண்ணும்; அப்போது 15. தமிழ்ப் பெயருக்கு ? குறியே வேண்டாம். ஓகாரத்திலும் ஒரு தொல்லை உண்டு: 'கோ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த ஃபைல்களில் பிரிந்த வடிவம் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கேஸுக்கு வேறு வேறு. நாளை 'கோரிக்கை-' என்று ஒரு வகை சேர்த்தால், கன்வ்எம்வி போன்ற கருவியால் பெயர்களை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

;;& பற்றி எங்கேயாவது படித்திருப்பீர்கள். பொருந்திய பிறகும் அடுத்த பேட்டர்ன்களைச் சோதிக்கச் சொல்லும் குறி அது. பாஷ் 4.0இல்தான் வந்தது, மேக்கில் கூடவே வரும் 3.2இல் இல்லை. உங்கள் வேலைக்குத் தேவையும் இல்லை.

ரசீது எண்ணைப் பிரித்தெடுத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்றால் அப்போது ரெஜெக்ஸுக்குப் போகலாம். இஃப்புடன் இரட்டைச் சதுர அடைப்புக்குள் =~ போட்டு, வலப்பக்கம் ^ரசீது-([0-9]+)$ என்று எழுதினால் உங்கள் ப்ளஸ் வேலை செய்யும். அங்கே முழுப் பெயரும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை, ஆகவே ^, $ இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அங்கேயும் பேட்டர்னுக்குக் கோட்ஸ் போடக் கூடாது.