கணக்கு யார்கிட்ட சொல்லணும்? சுனாமி வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்களோட ஒரு கேள்வி பதில்

வணக்கம். 2005 ஜனவரியில நாகப்பட்டினத்துல ஒரு வெளிநாட்டு தொண்டு நிறுவனத்துல ஃபீல்டு வேலைக்கு சேந்தேன், 2021ல ரிட்டயர் ஆனேன். நிறுவனம் பேரு சொல்ல மாட்டேன். அங்க இருந்து ஓய்வு பெத்த நாங்க 11 பேரு சேந்து போன வருஷம் உதவி வாங்குன மக்களுக்கும் கணக்கு சொல்லுங்கன்னு நிறுவனத்தோட போர்டுக்கு ஒரு லெட்டர் போட்டோம், அதப் பத்தி நெறைய பேரு கேட்டிருந்தீங்க. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (சமூகப்பணி, எம்எஸ்டபிள்யூ படிக்கிற பொண்ணு, திருச்சி): அக்கா, அக்கவுண்டபிலிட்டி, அதாவது பதில் சொல்ற பொறுப்புன்னா ஆடிட், ஆண்டறிக்கைன்னு தான் கிளாஸ்ல சொல்றாங்க. ஃபீல்டுல அது என்ன?

பதில்: ஆடிட் காசு குடுத்தவங்களுக்கு சொல்ற கணக்கும்மா. வாங்கினவங்களுக்கு சொல்ற கணக்கு தனி, அதத்தான் நாங்க கோட்டை விட்டோம். தற்காலிக குடியிருப்புல தார் ஷீட் போட்ட கொட்டாய் தான், மதியம் ரெண்டு மணிக்கு உள்ள நிக்க முடியாது, பிள்ளைங்கள தூக்கிட்டு வெளில நெழல் தேடி ஒக்காந்திருப்பாங்க. ஒரு அம்மா எங்கிட்ட கேட்டாங்க, இந்த ஷீட்ட யாரு தேர்வு பண்ணுனா, என்ன வெல, எத்தன மாசத்துக்கு நாங்க இதுல கெடக்கணும்னு. மூணுக்கும் பதில் ஆபீஸ் ஃபைல்ல இருந்துச்சு, ஆனா அது அவங்களுக்குக் காட்டுற ஃபைல் இல்ல.

புகார் பெட்டியும் வெச்சோம். எங்க வெச்சோம் தெரியுமா, ஆபீஸ் வாசல்ல, வாட்ச்மேன் நாற்காலிக்கு நேர் மேல. நாலு மாசத்துல மூணு சீட்டு விழுந்துச்சு, ரிப்போர்ட்ல "புகார்கள் மிகக் குறைவு"ன்னு எழுதிட்டோம். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் தண்ணி லாரி வர்ற நேரத்துல கொடம் வரிசைகிட்ட நோட்டோட போய் ஒக்காந்தேன், ஒரே மணி நேரத்துல ரெண்டு பக்கம் நெறஞ்சிருச்சு. பாதிக்கு மேல குளியலறைக்குக் கதவு இல்லைங்கற விஷயம். இத ஒரு பொம்பளை வாட்ச்மேன் முன்னாடி நின்னு எழுதிப் போடுவாளா?

கேள்வி (நன்கொடை குடுக்குறவர், கோவை): மாசாமாசம் பணம் கட்டுறேன் மேடம். 100 ரூபால எவ்ளோ மக்களுக்குப் போகுதுன்னு பாத்தா போதாதா?

பதில்: போதாது சார். நிர்வாகச் செலவு கம்மியா காட்டுறது ரொம்ப ஈஸி, புகார விசாரிக்கிற ஆள வேலைய விட்டு நிறுத்திட்டா போச்சு, சதவீதம் அழகாயிடும். வெளிநாட்டுப் பணத்துல 50 சதம் வரைக்கும் நிர்வாகத்துக்கு எடுக்கலாம்னு இருந்தத வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட 2020 திருத்தத்துல 20 ஆக்கிட்டாங்க, அதே திருத்தத்துல வாங்குன பணத்த இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்கவும் கூடாதுன்னு வந்துச்சு, கிராமத்து சின்னச் சின்ன அமைப்புங்க பாடு திண்டாட்டமாயிடுச்சு. நீங்க கேக்க வேண்டியது வேற: போன வருஷம் எத்தன புகார் வந்துச்சு, அதுல எத்தன தீந்துச்சு, மக்கள் சொல்லி எந்த திட்டத்தையாவது மாத்துனீங்களா. பதில் சொல்ல முடியாத இடத்துக்கு யோசிச்சுக் குடுங்க.

கேள்வி (மீனவர், நாகை பக்கம்): எங்க ஊர்ல படகு தேவையில்லாத ஆளுக்கெல்லாம் மாருதி போட்னு சொல்ற ஃபைபர் படகு வந்துச்சு, எங்க சித்தி கருவாட்டுக் கூடை கேட்டு ஒரு வருஷம் அலைஞ்சாங்க. இதுக்கு யாரு பதில் சொல்றது?

பதில்: நாங்கதான் தம்பி சொல்லணும். எங்க ஃபாரத்துல ரெண்டே கட்டம், வீடு இழந்தவர், படகு இழந்தவர். கருவாடு விக்கிற விதவை, அடுத்தவங்க படகுல பங்குக்குப் போறவரு, உப்புத்தண்ணி ஏறுன வயல்ல கூலிக்குப் போன தலித் குடும்பம், இவங்க யாருக்கும் கட்டமே கெடையாது. லிஸ்ட் ஊர்ப் பஞ்சாயத்து குடுத்தது, நாங்க அத டைப் அடிச்சு அனுப்பிட்டோம். ஒரே பேரு மூணு நிறுவனத்து லிஸ்ட்ல இருந்தத நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஏன் இப்படின்னா, பணம் வந்த வேகம் அப்படி. சுனாமி உதவிய மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்போட அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு, பாதிக்கப்பட்ட ஒரு ஆளுக்கு 7,100 டாலர் வந்துச்சாம், அதே 2004ல பங்களாதேஷ் வெள்ளத்துக்கு ஒரு ஆளுக்கு 3 டாலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்துலயே சுனாமிக்கு போதும், இனி அனுப்பாதீங்கன்னு அறிவிச்சுட்டாங்க, அந்த தைரியம் எங்களுக்கு இல்ல. செலவு பண்ணியே ஆகணும், போட்டோவுல தெரியணும், படகு நல்லா தெரியும், கூடை தெரியாது. நாகையில மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பு சிஃப்ஸும், உள்ளூர் தொண்டு நிறுவனம் சினேகாவும் சேந்து ஒருங்கிணைப்பு மையம் நடத்துனாங்க, யாரு எங்க என்ன குடுக்குறாங்கன்னு அங்க வெச்சுப் பேசுவாங்க. அந்த கூட்டத்துக்கு எங்க ஆபீஸ்ல இருந்து சேந்து ரெண்டு வாரம் ஆன பையன அனுப்புவாங்க, அவன் டீ குடிச்சுட்டு மினிட்ஸ் வாங்கிட்டு வருவான். உங்க சித்திகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க.

கேள்வி (பழைய சக ஊழியர், கடலூர்): அக்கா, இதெல்லாம் நமக்கு அப்பவே தெரியும். ஏன் வாயத் தொறக்கல?

பதில்: உங்களுக்குத் தெரியாததா. 11 மாச காண்ட்ராக்ட், ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கிறது யாரு கையெழுத்துன்னு நமக்குத் தெரியும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல. ஒரு தெரு வீடுங்களுக்கு நான் ஒப்படைப்பு சான்று கையெழுத்து போட்டேன், கக்கூஸ் கட்டியிருந்துச்சு, தண்ணி கனெக்ஷன் இல்ல, "பணி முடிந்தது"ன்னு எழுதினேன். மார்ச் 31க்குள்ள மூடணும்னு மேல இருந்து ஃபோன் மேல ஃபோன். அந்தத் தெரு வழியா போறதுக்கு எனக்கு இன்னிக்கும் கஷ்டமா இருக்கு.

கேள்வி (பெயர் வேண்டாம்னு சொன்ன ஒருத்தங்க): ஹைட்டியில நிலநடுக்க உதவிக்குப் போன ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவன ஆளுங்க பணம் குடுத்து பொண்ணுங்கள பாலியலுக்குப் பயன்படுத்துன விவகாரம் வந்தப்ப உங்க ஆபீஸ்ல என்ன பேசுனாங்க?

பதில்: "நம்ம கிட்ட அப்படி இல்ல"ன்னு ஒரு மெயில் வந்துச்சு. அது எனக்கு பயமா இருந்துச்சு. ஹைட்டியில 2011லயே உள்விசாரணை நடந்து நாலு பேர நீக்குனாங்க, மூணு பேர ராஜினாமா பண்ண விட்டாங்க, வெளில தெரிஞ்சது 2018 பிப்ரவரியில, ஒரு பத்திரிகையால. நடுவுல ஏழு வருஷம். தப்பு பண்ணுனவன் வேற நிறுவனத்துல போய் சேந்துட முடிஞ்சுது. அதுக்கப்புறம் தான் 2019ல, ஆள் எடுக்கும்போது பழைய நிறுவனத்துகிட்ட நடத்தை பத்தி கேட்டு வாங்குற ஏற்பாடு வந்துச்சு. உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தா தேதி போட்டு இன்னிக்கே எழுதி வெச்சுக்கங்க, ஒரு நகல் வீட்டுல இருக்கட்டும், தனியா எச்ஆர் ரூமுக்குப் போகாதீங்க.

கேள்வி (ஓய்வு பெற்றவர், மதுரை): லெட்டர்ல என்ன கேட்டீங்க? பதில் வந்துச்சா?

பதில்: மூணு கேட்டோம் சார். மதிப்பீட்டு அறிக்கை எல்லாத்தையும் தமிழ்ல அந்தந்த ஊர்ல வெக்கணும். போர்டுல உதவி வாங்குன மக்கள்ல ரெண்டு பேராவது இருக்கணும். வேலைய விட்டுப் போறவங்க கிட்ட வாய மூடுற கையெழுத்து வாங்கக் கூடாது. முதல் பதில் ரெண்டு வரி, நன்றி, பரிசீலிக்கிறோம்னு. திரும்ப எழுதினோம், திரும்பவும் எழுதினோம், ஆறு மாசம் கழிச்சு முதல் கோரிக்கைய மட்டும் ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ஒரு அறிக்கையும் வரல, மாசாமாசம் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

நீங்களும் உங்க பழைய ஆளுங்கள சேருங்க, தனியா எழுதுனா "மனக்கசப்புல பேசுறாரு"ன்னு ஒதுக்கிடுவாங்க. பழைய ஃபீல்டு டைரிய பரண்ல இருந்து எறக்குங்க, வீடு வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுடாதீங்க. யாருக்காவது காட்டுறதுக்கு முன்னாடி மக்களோட பேர மட்டும் மறைச்சிடுங்க, அது அவங்க சொத்து.