கட்டணம் இல்லாத கால்குலஸ் வகுப்பு லாபமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பில் பிரீகால்குலஸ் முடிக்கிறான். பதினோராம் வகுப்பில் நேராக ஏ.பி. கால்குலஸ் பி.சி. (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) எடுக்க ஆசைப்படுகிறான். கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரி) கால்குலஸ் 1 எடுத்துவிட்டால், பள்ளி திறக்கும்போது பாதிப் பாடம் தெரிந்திருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். பள்ளி மாணவர்களுக்கு அங்கே கட்டணமும் கிடையாதாம். இதே தயாரிப்புக்கு ஒரு டியூஷன் சென்டர் 1,600 டாலர் கேட்கிறது. காலேஜ்தானே லாபம்?

பதில்: பணத்தை மட்டும் பார்த்தால் காலேஜ்தான். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். கால்குலஸ் 1 பெரும்பாலும் 4 அல்லது 5 யூனிட். முழுக் கட்டணம் கட்டினாலும் 230 டாலரைத் தாண்டாது. பள்ளி மாணவர்களுக்கு அதையும் பல காலேஜ்கள் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் கட்டணத் தள்ளுபடி என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், புத்தகம், ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்கான அக்சஸ் கோடு ஆகியவை தனி. பதிவு செய்யும்போது, புத்தகச் செலவு இல்லை என்று வகுப்புப் பட்டியலில் குறித்திருக்கும் பிரிவாகத் தேடுங்கள். இருக்கும்.

சரி, பணம் தேறிவிட்டது. என் தயக்கம் வேறு இடத்தில். நீங்கள் ஒத்திகைக்கு ஒரு வகுப்பு தேடுகிறீர்கள். காலேஜ் நடத்துவது ஒத்திகை இல்லை. அங்கே வாங்கும் கிரேடு மகனின் நிரந்தர காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) ஏறிவிடும். யூ.சி. (பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் பள்ளிக் காலத்தில் எடுத்த காலேஜ் பாடங்களையும் எழுதியே ஆக வேண்டும். நாளைக்கு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் இந்த டிரான்ஸ்கிரிப்டைக் கேட்பார்கள். ஏ.பி. தேர்வு அப்படியில்லை. மே மாதம் எழுதி, வந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் அதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆக, பாதுகாப்பான தேர்வுக்குத் தயாராவதற்காகப் பாதுகாப்பு குறைந்த வகுப்பில் சேர்க்கிறீர்கள்! இது தலைகீழாக எனக்குப் படுகிறது.

அடுத்து நேரம். ஒரு யூனிட்டுக்கு, வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து, குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்பது கலிபோர்னியாவின் கணக்கு. 5 யூனிட்டுக்கு 240 மணி நேரம். வழக்கமான செமஸ்டரில் இது நான்கு மாதங்களுக்குப் பரவிக் கிடக்கும். ஆறு வாரக் கோடை வகுப்பில் வாரம் 40 மணி நேரம். முழுநேர வேலைதான். அந்த ஆறு வாரத்துக்குள் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது, ஒரே சரக்கை இரண்டு முறை வாங்குவது. கால்குலஸ் 1-ல் லிமிட், டெரிவேட்டிவ், இன்டக்ரலின் தொடக்கம் வரை வரும். பி.சி. வகுப்பு இதையே முதலிலிருந்து நடத்திவிட்டு, அப்புறம்தான் சீரிஸ், போலார், பாராமெட்ரிக் என்று கால்குலஸ் 2 பக்கம் போகும். பையன் ஒரு செமஸ்டருக்கும் மேல் தெரிந்ததையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யூ.சி. கணக்கிலும் ஒரே பாடத்துக்கு ஏ.பி. வழியாகவும் காலேஜ் வழியாகவும் இரண்டு தடவை கிரெடிட் கிடைக்காது.

பி.சி.யில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்கும் சிக்கல் கால்குலஸில் இல்லை. அல்ஜீப்ராவிலும் டிரிக்னாமெட்ரியிலும்தான். டெரிவேட்டிவ் சரியாக எடுத்துவிட்டு, அதைச் சுருக்கும்போது அடுக்குக்குறியில் தப்பு விடுவார்கள். லாகரிதம், டிரிக் சமன்பாடு, ஃபங்ஷன்களின் வரைபடம் மூன்றும் கை ஓட்டத்தில் வந்தால் பாதிப் பயம் போய்விடும். அதற்கு 1,600 டாலரும் வேண்டாம், டிரான்ஸ்கிரிப்டும் வேண்டாம். ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள கால்குலஸ் பாடநூலின் முதல் தொகுதி இணையத்தில் இலவசம். முதல் அத்தியாயம் ஃபங்ஷன் திருப்புதல், இரண்டாவது லிமிட், மூன்றாவது டெரிவேட்டிவ். இந்த மூன்றோடு நிறுத்தினால் போதும். விளக்கம் வேண்டுமென்றால் கான் அகாடமியும் இலவசம்தான். பழைய ஏ.பி. விரிவான விடைக் கேள்விகளைத் திருத்தும் முறையோடு, ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே தன் தளத்தில் போட்டிருக்கிறது. அதைக் கோடையின் கடைசியில் ஒரு முறை பார்க்கட்டும், பயமுறுத்த வேண்டாம்.

காலேஜ் வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.சி.க்கு முன்னால் என்று எடுக்காமல், பி.சி.க்குப் பதிலாக எடுத்தால் அது நல்ல பேரம். இலையுதிர் செமஸ்டரில் கால்குலஸ் 1, வசந்தத்தில் கால்குலஸ் 2, பன்னிரண்டாம் வகுப்பில் மல்டிவேரியபிள் கால்குலஸ் என்று போகலாம். யூ.சி. சேர்க்கையில் ஒரு செமஸ்டர் காலேஜ் கணிதம் ஒரு வருடப் பள்ளிக் கணிதத்துக்குச் சமம். யூ.சி.யும் கிரெடிட் தரும் காலேஜ் பாடத்தில் வாங்கும் ‘ஏ’வுக்கு, வரம்புக்கு உட்பட்டு, கிரேடு சராசரிக் கணக்கில் 5 புள்ளி வரை கிடைக்கும். சேருவதற்கு முன் பள்ளிக் கவுன்சலரிடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: இதை முடித்தால் பி.சி.யைத் தாண்டவிடுவார்களா? அப்புறம் அந்தக் காலேஜின் பாடம் எந்த யூ.சி.யில் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் தளத்தில் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஏ.பி. பி.சி. தேர்வில் 5 வாங்கினால், எம்.ஐ.டி. தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது. பள்ளிப் படிப்பு முடிக்கக் கணக்கில் எடுத்த காலேஜ் வகுப்பை ஏற்காத இடங்களும் உண்டு.

கேள்வி: மகள் ஏற்கெனவே கோடை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் தேர்விலேயே 52. விட்டுவிடலாமா?

பதில்: காலேஜ் நாள்காட்டியை இன்றே திறந்து பாருங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். முதல் தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. இரண்டாவது தேதி வரை விலகினால் ‘டபிள்யூ’ (விலகினார் என்ற குறிப்பு) விழும். கோடை வகுப்பில் முதல் தேதி சட்டென்று ஓடிவிடும். ‘டபிள்யூ’ ஒன்று விழுந்ததால் குடி முழுகாது, டி-யைவிட அது எவ்வளவோ தேவலை. ஆனால் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் விலகியதாக ஆகாது. அவளே காலேஜ் தளத்தில் உள்ளே போய் டிராப் செய்ய வேண்டும், இல்லையென்றால் எஃப் வந்து உட்காரும்.

கேள்வி: மகனின் மதிப்பெண்ணைக் கேட்டுக் காலேஜ் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அவனுக்குப் பதினாறு வயதுதான். காசு கட்டுவது நான்!

பதில்: அவர் செய்தது சரிதான். மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-ம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டப்படி, காலேஜில் சேர்ந்த மாணவருக்கு எந்த வயதானாலும் அந்தப் பதிவுகளின் உரிமை மாணவருக்கே. மகன் எழுத்தில் சம்மதம் தந்தால் காலேஜ் உங்களிடம் பேசலாம். அதற்கான படிவம் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கிடைக்கும். அதைவிடச் சுலபம், மாலையில் அவனையே லாகின் செய்து காட்டச் சொல்வது.