4 பேரு ஜீப் மாறிட்டா கங்காணி மேல தப்பா?

கம்பத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மல மேல கேரளா வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் தோட்டத்துக்கு 14 பொம்பளைகள கூட்டிட்டுப் போற கங்காணி. போன வாரம் 4 பேரு சொல்லாம கொள்ளாம வேற ஜீப்புல ஏறிட்டாங்களாம், மிச்சவங்களும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்களாம், தோட்டத்து சூப்பர்வைசரும் கத்துறாராம், "நா என்ன தப்பு பண்ணேன்னு ராத்திரி தூக்கமே வரல"ங்கிறாங்க.

அக்கா, மூஞ்சிய மொதல்ல விடுங்க. காலைல 5 மணிக்கு ஜீப்புக்கு நிக்கணும்னா மூணரைக்கு எந்திரிச்சு சோறாக்கி வச்சிட்டு வரணும், அந்நேரம் யாரு மூஞ்சி சிரிக்கும்? சூப்பர்வைசர் கத்துறதும் அப்படித்தான், ஏலக்காய ஏலம் விடுற புத்தடியிலயோ போடியிலயோ காய் வெல எறங்குன அன்னைக்கு மொதலாளி அவர கத்துவாரு, அவரு உங்கள கத்துவாரு.

ஜீப் மாறுனதுக்கு முக்காவாசி காரணம் அட்வான்ஸ். காய் எடுப்பு சீசன்ல புரோக்கர் வந்து எந்த வீட்டுல ஸ்கூல் பீஸ் நெருக்குதுன்னு பாத்து பணத்த நீட்டுவான், போற போக்குல "உங்க கங்காணி கமிஷன் அடிக்குது"ம்பான். அதே ஆளு உங்ககிட்ட வந்து "அந்தப் புள்ள உங்களப் பத்தி என்ன சொல்லுச்சு தெரியுமா"ம்பான். நம்பாதீங்க. நீங்க கோவத்துல மிச்ச 10 பேரையும் திட்டி வெரட்டுனா அவனுக்குத்தான் இன்னொரு ஜீப் நெறையும், தலைக்கு இவ்ளோன்னு காசு. இப்படி ஒடஞ்ச செட்டு எத்தனையோ பாத்தாச்சு.

"ஏன் எங்கிட்ட பேசல"ன்னு யார்கிட்டயும் போயி நிக்காதீங்க. "நாளைக்கு வர்றியா, ராத்திரி 8 மணிக்குள்ள சொல்லு", அவ்ளோதான். சம்பளத்தன்னைக்கு தோட்டத்துல எவ்ளோ குடுத்தாங்க, ஜீப்புக்கு எவ்ளோ, உங்க பங்கு எவ்ளோன்னு நோட்ட எல்லார் முன்னாடியும் வாசிச்சுருங்க.

ஆனா ஒண்ணு. மனசுல போட்டுக்காதீங்கன்னு சொல்றத எல்லாத்துக்கும் வச்சுக்காதீங்க. எவனாச்சும் கை வச்சாலோ ரெட்ட அர்த்தத்துல பேசுனாலோ "அவரு சுபாவம் அப்படி"ன்னு உங்க செட்டு புள்ளைக்கு நீங்களே சமாதானம் சொல்லிறாதீங்க. வேல எடத்துல பொம்பளைகளுக்கு நடக்குற பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டம் இதுக்குன்னே இருக்கு, தோட்டத்துக்காரங்க ஏற்பாடு பண்ண ஜீப்புல நடந்தாலும் செல்லும். 10 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற எடத்துல உள்ளயே கமிட்டி இருக்கணும், 10 பேருக்கு கம்மின்னாலோ புகாரே மொதலாளி மேலன்னாலோ மாவட்டக் கமிட்டி. 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், எழுதத் தெரியலன்னா கமிட்டிதான் ஒதவணும். தோட்டம் இடுக்கி மாவட்டம்ங்கிறதால மாவட்டக் கமிட்டிக்கு தேனி கலெக்டர் ஆபீஸ் போகாதீங்க, இடுக்கி கலெக்டர் ஆபீஸ் இருக்குற பைனாவு போகணும். கூலிக்காரப் பொம்பள ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு மல ஏறிப் போயி எந்த ரூம்னு தேடணுமாம், அந்தக் கமிட்டி போன் நம்பர ஒரு போர்டுல எழுதி எல்லையில இருக்குற கம்பமெட்டு செக்போஸ்ட்ல மாட்டுனா என்ன கொறஞ்சிரும்?

அந்த 4 பேரும் அட்வான்ஸ் கழிஞ்சதும் திரும்பி வந்தாலும் வருவாங்க. எடம் இருந்தா ஏத்திக்கங்க, ஏன் போனன்னு கேக்க வேணாம்.