காக்பிட்டில் உட்கார என்ன விலை? (கேள்வி-பதில்)

போன மாதம் ஒரு வாசகர் மாலில் இருக்கும் விமான சிமுலேட்டரை (தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம்) பற்றிக் கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதினேன். அன்றிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பள்ளி விடுமுறை வேறு. எல்லாவற்றையும் இந்த முறையே முடித்துவிடுகிறேன். மிக்ஸி, கிரைண்டர் பற்றிப் புகார் எழுதியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனின் பிறந்தநாளுக்கு ‘ஒரிஜினல் ஏர்லைன் சிமுலேட்டர், ஒரு மணி நேரம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 6,500 ரூபாய்க்கு வவுச்சர் வாங்கினேன். மெட்ரோ, ஆட்டோ என்று மாறிப் போய்ச் சேர்ந்தால், ‘பாதுகாப்பு காரணங்களுக்காக ஏழு நாள் முன்பே அடையாள அட்டை அனுப்பியிருக்க வேண்டும், இன்று விட முடியாது, நாளையோடு வவுச்சரும் காலாவதி’ என்கிறார்கள். பையன் பைலட் தொப்பியோடு வந்திருந்தான். பணம் போனது போனதுதானா?
வாசகி, தண்டையார்பேட்டை

போகவில்லை, அம்மா. ஏழு நாள் நிபந்தனை வவுச்சரிலோ, பணம் கட்டிய பக்கத்திலோ இருந்ததா என்று முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு வாசலில் நின்று சொல்லும் நிபந்தனை எனக்குச் செல்லாது, சட்டத்துக்கும் செல்லாது. விளம்பரம், வவுச்சர், பணம் போனதற்கான குறுஞ்செய்தி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை முதலில் எடுங்கள், அதுதான் சீக்கிரம் காணாமல் போகும். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, 15 நாள் கெடு வைத்து, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல கடைக்காரர்கள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

வரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை நகரத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, நம் வட சென்னை மாவட்ட ஆணையத்துக்கு அவர்கள்தான் வந்து நிற்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போட்டால் போதும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். அந்தத் தொப்பியை நினைத்தால் எனக்கே ஆறவில்லை.

சிமுலேட்டரில் உட்கார்ந்தால் நிஜ விமானம் ஓட்டுவது மாதிரியே இருக்குமா?
வாசகர், கொருக்குப்பேட்டை

நிஜ விமானம் ஓட்டியவரைக் கேளுங்கள். நான் 29சி பஸ் ஓட்டுநருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்ததோடு சரி.

விமான நிறுவனங்கள் பைலட்டுகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரில், காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாமாமே? செப்டம்பர் 11-க்குப் பிறகும் இப்படி விடலாமா? அரசு மொத்தமாகத் தடை செய்ய வேண்டாமா?
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, பயம் நியாயமானதுதான். அன்றைக்கு விமானங்களை நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் மோதிய இருவரும் 2000 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் பணம் கட்டி, பெரிய ஜெட் சிமுலேட்டரில் உட்கார்ந்து பழகியவர்கள்தான். ஆனால் அதே கதையில் இன்னொரு ஆள் உண்டு. ஸகாரியாஸ் மூசாவி. 2001 ஆகஸ்டில் மினசோட்டாவில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய், போயிங் 747 சிமுலேட்டர் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான டாலரை ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார். சின்ன விமானத்துக்கே உரிமம் வாங்காத ஆளுக்கு 747 எதற்கு என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கு உறுத்தியது. எஃப்.பி.ஐ.-க்கு போன் போட்டார்கள். ஆகஸ்ட் 16 அன்று ஆள் கைது. அவரைப் பிடித்துக் கொடுத்தது அடையாள அட்டை ஜெராக்ஸ் கட்டு இல்லை. எதிரில் உட்கார்ந்த ஆளைப் பார்த்துப் பேசி, யோசித்த விற்பனைக்காரர்கள்.

அமெரிக்கா அப்புறம் விதியை இறுக்கியது. வெளிநாட்டவர் யாரும் 5,670 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்துக்குப் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால், சிமுலேட்டரானாலும் அரசின் பின்னணிச் சோதனை முதலில். அதே நாட்டில்தான் அட்லாண்டாவில் டெல்டா விமான நிறுவனத்தின் அருங்காட்சியகம், பைலட்டுகள் பழகிய 737 சிமுலேட்டரில் பணம் கட்டியவர்களை உட்கார வைக்கிறது. பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருப்பார். பயிற்சி வேறு, வேடிக்கை வேறு என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள்.

வேடிக்கை என்றேன், சிமுலேட்டர் பிறந்ததே அதில்தான். 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளை வைத்து ஆடி அசையும் ஒரு குட்டி விமானம் செய்தார். பயிற்சிப் பள்ளிகள் சீந்தவில்லை. வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். நம்மூர் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்தது போலத்தான். தபால் கொண்டுபோன ராணுவ பைலட்டுகள் மோசமான வானிலையில் வரிசையாக விழுந்து செத்த பிறகுதான், 1934-இல் அமெரிக்க ராணுவம் லிங்கிடம் ஆறு இயந்திரங்களை வாங்கியது.

மொத்தமாகத் தடை என்றால் எங்கே நிறுத்துவீர்கள்? 2014-இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370-இன் கேப்டன் வீட்டில் சிமுலேட்டர் இருந்தது. தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் போகும் ஒரு பாதையும் அதில் கிடைத்தது. ஆனால் அவர் உரிமம் பெற்ற கேப்டன், அவரை எந்த மால் வாசலில் தடுப்பது? 2018-இல் சியாட்டிலில் ஒரு தரைப் பணியாளர் 76 பேர் உட்காரும் விமானத்தைத் தனியாகக் கிளப்பிக்கொண்டு போய் மோதி இறந்தார். வீடியோ கேம் ஆடிய பழக்கம் உண்டு என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னாராம். அவரை விமானம் வரை கொண்டுபோய் விட்டது வேலை அடையாள அட்டை.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ‘பாதுகாப்பு காரணங்களுக்காக.’ இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஊரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. பணம் திரும்பாது, பாதுகாப்பு காரணம். தண்ணீர் பாட்டில் கூடாது, பாதுகாப்பு காரணம். உள்ளே அதே தண்ணீர் அறுபது ரூபாய். ஆதார் ஜெராக்ஸ் கொடு, பாதுகாப்பு காரணம். எதற்கு என்று கேட்டால் கவுன்டர் பையனுக்குத் தெரியாது, மேலிடத்து உத்தரவு என்பான். போன வருடம் ராயபுரத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே கருப்பாக ஒரு பெண்ணின் முகம், பிறந்த தேதி, புதுவண்ணாரப்பேட்டை விலாசம். நெற்றியில் உப்பு ஒட்டியிருந்தது. எந்தக் கடையின் ‘பாதுகாப்பு’க்காகக் கொடுத்தாரோ. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

அடையாளம் கேட்டால் காட்டுங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். ஜெராக்ஸ்தான் வேண்டும் என்று நின்றால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம். நம்பிக்கையில் கொடுத்த சொந்தத் தகவலை வெளியே விடுவது 2019 சட்டத்தில் முறையற்ற வணிகம், அது பொட்டலக் காகிதத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக, ஐயா, நிஜமான ஏர்லைன் சிமுலேட்டர் ஆறு கால்களில் நின்று ஆடும் இயந்திரம். விலை பல பத்துக் கோடி. பெங்களூரு, குருகிராம் போன்ற இடங்களில் பயிற்சி மையத்துக்குள் இருக்கிறது, ராப்பகலாக ஓடுகிறது. பைலட்டுகளுக்கே நள்ளிரவில்தான் சில நாள் இடம் கிடைக்கும். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு அதைத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் பயங்கரவாதியை நினைத்துப் பயப்பட வேண்டாம், பர்ஸை நினைத்துப் பயப்படுங்கள்.

சிமுலேட்டர் மையத்தில் 20 மணி நேரம் ஓட்டினால் பைலட் உரிமத்தில் சேரும், சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னதை நம்பி மகனுக்காக 80,000 ரொக்கமாகக் கட்டினேன். பில் தரவில்லை. இப்போது விசாரித்தால் சேராது என்கிறார்கள்.
வாசகர், வியாசர்பாடி

கட்டிய பிறகு விசாரித்திருக்கிறீர்கள். எண்பதாயிரம் ரூபாயை பில் இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே!

வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியில் 20 மணி நேரம் வரை சிமுலேட்டரில் செய்யலாம். அந்த இருபதைத்தான் உங்களிடம் திரித்து விற்றிருக்கிறார்கள். அந்தச் சிமுலேட்டர் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், கற்றுத் தருபவரும் அதற்குத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். ஒப்புதல் சான்றிதழைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

திட்டிவிட்டேன், சரி. பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிகம், அதனால் அது அவர்கள் தலையில்தான் விடியும். வாட்ஸ்அப் பேச்சு, பணம் எடுத்த அன்றைய வங்கிக் கணக்கு, மகனுக்குக் கொடுத்த அட்டை எதையும் அழிக்காதீர்கள். ‘நான் கட்டிய 80,000-க்கு ரசீது அனுப்புங்கள்’ என்று சாதாரணமாக ஒரு செய்தி போடுங்கள். ‘அடுத்த வாரம் தருகிறோம்’ என்று பதில் வந்தால் அதுவே ரசீது. அதற்கப்புறம் தண்டையார்பேட்டை அம்மாவுக்குச் சொன்ன வழிதான். நேரில் போய்ச் சத்தம் போடாதீர்கள், உஷாராகிவிடுவார்கள்.

வீட்டிலேயே சிமுலேட்டர் அமைக்க ஆசை. கம்ப்யூட்டர் இருக்கிறது. 30,000 வரை செலவழிக்கலாம். ஸ்டீயரிங், பெடல், த்ராட்டில் எல்லாம் சேர்த்து வாங்கலாமா?
வாசகர், கொளத்தூர்

முதலில் ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும் வாங்குங்கள், தம்பி. மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் மிச்சத்தைப் பார்க்கலாம். உங்கள் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு அந்த மென்பொருளுக்குத் தாங்குமா என்று முன்னாடியே பாருங்கள், முப்பதாயிரத்தையும் விழுங்குவது அதுதான்.

செகண்ட் ஹேண்ட் வேண்டாம். என் கதையைக் கேளுங்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 2,800 ரூபாய்க்கு ‘ஒரே மாசம் யூஸ் பண்ணது சார்’ என்று ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன். மீனம்பாக்கத்தில் கிளம்பி, கடல் மேலே வடக்கே திரும்பினால் மெரினா, துறைமுகம் எல்லாம் அழகாக வரும். எண்ணூர் வரை போய் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. காசிமேடு தாண்டுவதற்குள், கை வைக்காமலே விமானம் இடப்பக்கம் சாய்ந்து தண்டையார்பேட்டைக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும். உள்ளே இருக்கும் சென்சார் தேய்ந்துபோனால் அப்படித்தான். புதிதாக வாங்கும்போது காந்தத்தில் வேலை செய்யும் ‘ஹால் சென்சார்’ வகையா என்று கேளுங்கள், அது உரசித் தேயாது. என்னுடையதில் இப்போது சாவிக்கொத்து தொங்குகிறது.

சிமுலேட்டரில் ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்துவிட்டேன். சுத்தம் செய்ய 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நியாயமா?
வாசகர், மாதவரம்

முன்கூட்டியே எழுதிக் காட்டியிருந்தால் நியாயம், இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள். ஏறுவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள், அதை வெட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு விமானம் என்றாலே பயம். மகள் துபாய்க்குக் கூப்பிடுகிறாள். சிமுலேட்டரில் ஒருமுறை உட்கார வைத்தால் தெளியுமா?
வாசகி, திருவொற்றியூர்

அவரே கேட்டாரென்றால் அழைத்துப் போங்கள், சிலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், இன்ஜினில் தீப்பிடிக்கிற காட்சி எதுவும் போடக் கூடாது என்று. விறுவிறுப்பாக இருக்கும் என்று அதைத்தான் முதலில் போடுகிறார்கள்.